காலில் முட்டை வைத்திருக்கும் ராஜா

சேசு மரி சூசை துணை

ரீயூனியன் தீவு,
12-3-1978

மகா கனம் பொருந்திய, தூத்துக்குடி புதுத்துறைமுகத்தில் மலைபோன்ற கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துவரும் இழுவைப்படகின் என்ஜின் டிரைவர், என் தங்கை மகள் பிளாரன்சைக் கைப்பிடித்த மாப்பிள்ளை ஹென்றி அவர்களுக்கு, தாய்மாமன் பர்னபாஸ் எழுதிக்கொண்டது.

நான் சுகம். இடது முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தனியாக முடிவெடுக்கிறது. நீரும், பேத்தி ஹில்டாவும், நீர் வேலைக்குப் போகும்போது பிள்ளையை வைத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பேச்சியும் சுகந்தானா?

குவைத்திலிருந்து பிளாரன்ஸ் கடிதம் போட்டிருக்கிறாள். ஏழு மாதப் பிள்ளையை உம்மிடம் விட்டு, நவம்பரில் நர்ஸ் வேலைக்கு விமானம் ஏறியவள், கிறிஸ்துமசுக்கு ஒரு ஜப்பான் டேப் ரெக்கார்டரும், தன் குரலைப் பதிந்த கேசட் ஒன்றும் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினாளாம். பிள்ளைக்கு என் குரல் மறந்துபோகக் கூடாது, தினம் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள் என்று. நீர் அந்தப் பெட்டியை அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டீராம். பேச்சி ஆள்பிடித்து அவளுக்கு இதை எழுதிப் போட்டிருக்கிறாள்.

நான் பண்டாரியாக, அதாவது குசினிச் சக்கரவர்த்தியாக, ஆட்சி புரியும் இந்த பிரெஞ்சுக்காரக் கப்பல் தெற்கே குரோசே தீவுகளுக்குச் சாமான் கொண்டுபோகிறது. அங்கே ஒரு பறவையைக் கண்டேன். ராஜா பெங்குவின். கரையெல்லாம் ஒரு கோடி நிற்கிறது. நானே எண்ணினேன், ஒன்று குறைந்தது, திரும்பிப் பார்த்தால் அது என் பின்னால் நிற்கிறது. திருநாளுக்குப் புறப்பட்ட படகு முதலாளிச் சம்மாட்டி போலக் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, காதோரம் சந்தனம் அப்பியது போல மஞ்சள். பறக்கத் தெரியாது. கூடு கட்டத் தெரியாது. முட்டை ஒன்றே ஒன்று. தாய் இட்டதும் தகப்பன் அதைத் தன் பாதத்தின் மேல் வாங்கி, அடிவயிற்றுத் தோலை இறக்கி மூடிக்கொண்டு நிற்கிறான். தாய் இரை தேடிக் கடலுக்குப் போய்விடுகிறாள். இரண்டு வாரமோ மூன்று வாரமோ, அவள் வரும்வரை இவனுக்குச் சோறு இல்லை, உட்காருவது இல்லை, பீடி இல்லை. காற்றோ, நம் மாதா கோயில் மணியைக் கழற்றி மணப்பாட்டில் கொண்டுபோய்ப் போடுகிற காற்று.

அந்த ராஜாவுக்கு ஒரு அலமாரி இருந்திருந்தால் முட்டையை அதன் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பானா, சொல்லும் வே!

பெட்டியைக் கீழே இறக்கும்.

அடுப்புப் புகையிலும் உம்மை மறவாத,
பர்னபாஸ்

*

தூத்துக்குடி,
4-4-1978

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு ஹென்றி எழுதுவது.

இங்கு யாவரும் சுகம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கவும்.

ஹில்டாவுக்கு நான்கு பல் முளைத்திருக்கிறது. தவழ்ந்து வாசல்படி வரை வருகிறாள்.

உங்கள் பறவைக்கு ஷிப்ட் கிடையாது. எனக்கு உண்டு. காலை ஐந்தரைக்குப் பிள்ளையைப் பேச்சியக்கா வீட்டில் விட்டு, இரண்டரைக்கு வந்து தூக்குகிறேன். குளிப்பாட்டுவது நான். துணி அலசுவது நான். அடிபம்பில் பெண்கள் என்னைப் பார்த்து, "ஏளா, தாயி வந்துட்டாவ, வழிவிடுங்க" என்கிறார்கள். உங்கள் ராஜாவைப் பார்த்துப் பக்கத்தில் நிற்கும் பறவைகள் இப்படிச் சொல்கின்றனவா என்று பார்த்து எழுதவும்.

இன்னொன்று. போன ஆகஸ்டில் நீங்கள் விடுப்பில் வந்தபோது, பிளாரன்சின் சர்டிபிகேட்டுகளை எனக்குத் தெரியாமல் பம்பாய்க்கு எடுத்துப்போய் ஏஜெண்டிடம் கொடுத்தது நீங்கள். வேலை உத்தரவு தபாலில் வந்த அன்றுதான் எனக்குத் தெரியும். "மாப்பிள்ளைட்ட நான் சொல்லிக்கிடுதேன்ளா" என்று அவளிடம் சொன்னீர்களாம். இன்றுவரை நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது பறவையைப் பற்றிச் சொல்கிறீர்கள்.

பெட்டி அலமாரி மேல்தான் இருக்கிறது. துணி போட்டு மூடியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஹென்றி

*

சேசு மரி சூசை துணை

கப்பலில்,
20-5-1978

துணி போட்டு மூடிய மாப்பிள்ளைக்கு,

சுகம், சுகம், சுகம். மூன்று தடவை எழுதிவிட்டேன், இனிக் கோபப்படலாம்.

உம்முடைய கடிதத்தைக் குசினியில் வைத்துப் படித்தேன். என் காதில் வந்த ஆவியில் நாற்பது பேருக்கு இடியாப்பம் அவிந்தது. காகிதத்தை நான் எடுத்துப்போனது வாஸ்தவம். கப்பல்காரன் காகிதம் எடுத்துப்போகாமல் கருவாடா எடுத்துப்போவான்? அதற்கு மேல் என்னிடம் கேட்காதேயும். பிஷப் ஆண்டவரே வந்து மண்டியிட்டுக் கேட்டாலும் சொல்லமாட்டேன். என்னைத் திட்டும். கண்டபடி திட்டும். ஆனால் பிள்ளையின் காதுக்கும் அந்தக் கோபத்துக்கும் என்ன வே சம்பந்தம்?

பக்கத்துப் பறவை என்ன சொல்லும் என்று கேட்டீர். சொல்லாது, கொத்தும். ஒவ்வொன்றும் மற்றதன் மூக்கு எட்டாத தூரத்தில்தான் நிற்கிறது. கொஞ்சம் சாய்ந்தால் போதும், ஆறு பக்கத்திலிருந்தும் கொத்து. அந்த ராஜா அத்தனையும் வாங்கிக்கொண்டு முட்டையைக் கீழே விடாமல் நிற்கிறான். அடிபம்புப் பேச்சுக்கு அழுகிற ஆள் அங்கே ஒரு நாள் தாங்கமாட்டான்.

இந்தப் பறவைக்கு வீட்டு நம்பர் கிடையாது. எல்லா முகமும் ஒரே அச்சு. கடலுக்குப் போன தாய் திரும்பி வந்தால் தன் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பாள்? கப்பலில் வரும் பறவை டாக்டர் எனக்குக் காட்டினார். கூட்டத்தின் ஓரத்தில் நின்று, கழுத்தை வானத்துக்கு நீட்டி, எக்காளம் ஊதுவதுபோல ஒரு குரல் கொடுக்கிறாள். லட்சம் பறவை இரைகிற இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை. ஆனால் ஒருவன் மட்டும் அங்கிருந்து பதில் கொடுக்கிறான். குரலைப் பிடித்துக்கொண்டே போகிறாள். காலிலிருந்து காலுக்கு முட்டை மாறுகிறது. இவன் கடலுக்குப் போகிறான். அப்புறம் அவன் முறை, அவள் முறை. ஐம்பத்துச் சொச்சம் நாள். குஞ்சு ஓட்டை உடைத்து வந்ததும் அதுவும் அந்த இரண்டு குரலைத்தான் படிக்கிறது. மூன்றாவது குரல் அதற்குத் தேவையில்லை.

பறவைக்கு இருக்கிற அறிவு, டிப்ளமா படித்த மெக்கானிக்குக்கு இல்லையென்றால் அந்த டிப்ளமாவில் கொழுக்கட்டை அவிக்கலாம்.

போட்டுக் காட்டும். இது வேண்டுகோள் இல்லை.

கொதிக்கும் உலையோடு,
பர்னபாஸ்

*

தூத்துக்குடி,
11-6-1978

மாமாவுக்கு,

சுகம்.

போட்டேன். ஒரு தடவை. "ஹில்டா கண்ணு" என்று குரல் வந்ததும் பிள்ளை வீடெல்லாம் தவழ்ந்து தேடியது. கட்டிலுக்கு அடியில் பார்த்தது. குசினிக் கதவைத் தள்ளிப் பார்த்தது. பிறகு அழத் தொடங்கி, குடித்த பாலையெல்லாம் கக்கியது. பேச்சியக்கா ஓடிவந்து, "அத அமத்துங்கய்யா, பிள்ளைக்குக் கொல நடுங்குது" என்று கத்தினாள். நிறுத்திவிட்டேன். இனிப் போடமாட்டேன்.

பிள்ளை வளர்ப்பதைப் பற்றி எனக்கு எழுதுவதற்கு முன்னால், பம்பாயில் இருக்கும் உங்கள் மகன் ஜீவமணிக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். பதில் வருகிறதா என்று பாருங்கள்.

ஹென்றி

*

குவைத்,
19-8-1978

அன்புள்ள மாமாவுக்கு, பிளாரன்ஸ் எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்துக்கு இங்கே வெள்ளிக்கிழமை பூசையில் வேண்டிக்கொள்கிறேன்.

மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கப்பலுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்து, பிறகு பேச்சியக்கா போட்ட கடிதத்தில் விஷயம் தெரிந்தது. நீங்களும் அவரும் சண்டை. வேலித்தகராறில் வேலி மாதிரி நடுவில் நான்.

அவர் எனக்கு மாதம் ஒரு கடிதம் போடுகிறார். "பிள்ளை சுகம். எடை எட்டரைக் கிலோ." அவ்வளவுதான். துறைமுகத்துக்கு வந்த சரக்கைக்கூட இதைவிட விவரமாக எழுதுவார்கள்.

இரண்டாவது கேசட் ஒன்று பேசி முடித்திருக்கிறேன். அறையில் ஐந்து பேர் இருப்பதால் குளியலறையில் குழாயை மூடிக்கொண்டு பேசினேன். ஒரு இடத்தில் இருமல் வந்துவிட்டது. அழிக்கவில்லை. நாகர்கோவில்காரி ஒருத்தி அடுத்த வாரம் வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். அதையும் அவர் அலமாரி மேல் வைத்தால் அலமாரிதான் என் குரலைப் படிக்கும்.

பிப்ரவரியில் ஆறு வாரம் விடுப்பு உண்டு. அதற்குள் அவள் என்னை மறந்துவிட்டாள் என்றால் நான் யாரிடம் சண்டை போடுவது? உங்களிடமா, அவரிடமா?

பதில் எழுதுங்கள் மாமா. நீங்கள் கதை விடாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிளாரன்ஸ்

*

சேசு மரி சூசை துணை

ரீயூனியன்,
3-10-1978

மாப்பிள்ளை ஹென்றிக்கு,

நான் சுகம். பிள்ளை நடக்கிறாளா?

உம்முடைய ஜூன் மாதக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில். பேனா இருந்தது, மையும் இருந்தது.

போன மாதம் திரும்பவும் குரோசேக்குப் போனோம். அங்கே அப்போது குளிர்காலத்தின் கடைசி. கரை முழுக்கப் பழுப்புக் கம்பளி போர்த்திய ஏதோ ஜந்து கும்பலாக நின்றது. கரடி வந்துவிட்டது என்று நான் கத்தியைத் தூக்கினேன். பறவை டாக்டர் சிரித்தார். ராஜா பெங்குவினின் குஞ்சுகள். தாய் தகப்பன் இரண்டு பேரும் கடலில். மே மாதத்திலிருந்து ஒரு தடவையோ இரண்டு தடவையோ வந்து ஊட்டியிருப்பார்கள்; சிலதுக்கு அதுவும் இல்லை. பாதி எடை போய்விட்டது. ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன. காலடியில் செத்ததும் கிடக்கிறது. நான் இதைப் பெரிதாக்கிச் சொல்லவில்லை.

கொழுத்த தாய் ஒன்று அலையிலிருந்து ஏறிவந்து குரல் கொடுத்தது. பக்கத்தில் நின்ற குஞ்சுகள் முப்பது நாற்பது வாயைத் திறந்துகொண்டு சுற்றின. எல்லாவற்றையும் கொத்தித் தள்ளியது. திரும்பவும் கூப்பிட்டது. எங்கோ பின்னாலிருந்து ஒன்று, நடக்க வராமல் விழுந்து எழுந்து கத்திக்கொண்டே வந்தது. அதற்கு மட்டும் ஊட்டியது.

1951-ல் நான் கப்பல் ஏறும்போது ஜீவமணிக்கு ஐந்து மாதம். இறங்கி வந்தபோது நாலு வயது. வாசலில் நின்று, "ஏலே ஜீவா" என்றேன். உள்ளே ஓடிப்போய், "எம்மா, யாரோ ஒரு ஆளு வந்திருக்காவ" என்றான். மிட்டாய் கொடுத்து அப்பா என்று கூப்பிட வைத்தேன். மிட்டாய் தீர்ந்ததும் நிறுத்திவிட்டான். இப்போது கிறிஸ்துமசுக்கு ஒரு வாழ்த்து அட்டை வருகிறது. அடியில், பி. ஜீவமணி பர்னாந்து என்று இனிஷியலோடு கையெழுத்து. பெற்ற தகப்பனுக்கு இனிஷியல் போட்டுக் கையெழுத்து வைக்கிற பிள்ளை உலகத்திலே எனக்கு ஒருவன்தான்.

அன்று டேப் பெட்டி கிடையாது. இன்று இருக்கிறது. அதை எடுத்து மூடி வைத்திருக்கிற உம்மை நினைத்தால், கடலில் குதித்து நீந்தி வந்து உம் வீட்டுக் கதவைப் பெயர்த்து எடுக்கலாம் போல இருக்கிறது.

பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும்போது பெட்டியை எதிரே வையும். குரல் வரும்போது அதைப் பார்த்து விரலை நீட்டி, "அம்மா" என்று சொல்லும். தேடினால் மறுபடியும் விரலை நீட்டும். அழுதாலும் நிறுத்தாதேயும். ஒரு வாரம் அழுவாள். நான் இருபத்தேழு வருஷமாக...

கஞ்சி நேரம். அதுதான் சரியான நேரம்.

பர்னபாஸ்

*

தூத்துக்குடி,
2-12-1978

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

இங்கு சுகம். மழை பலமாக இருக்கிறது. ஹில்டா நடக்கிறாள். பேச்சியக்காவின் கோழியைத் துரத்துகிறாள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளிலிருந்து பெட்டியைப் போடுகிறேன். நீங்கள் சொன்னபடி கஞ்சிக்கு எதிரே வைத்து, விரலை நீட்டி, அம்மா என்று சொல்கிறேன். ஆறு நாள் அழுதாள். ஏழாம் நாள் அழவில்லை. இப்போது பிளாரன்ஸ் இருமுகிற இடம் வந்தால் சிரிக்கிறாள், தானும் இருமிக் காட்டுகிறாள். போன ஞாயிறு தானாகவே விரலை நீட்டி, அம்மா என்றாள். பேச்சியக்கா அழுதாள். நான் இழுவைப்படகுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

நீங்கள் நினைப்பதுபோல் உங்கள் மேல் உள்ள கோபத்தில் நான் அதை மூடி வைக்கவில்லை. முதல் கேசட் வந்த அன்றே தனியாக உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டேன். பிள்ளைக்குப் பேசியிருக்கிறாள். பேச்சியக்காவுக்கு இரண்டு நிமிஷம் பேசியிருக்கிறாள். கோழிக்கு ஒரு வார்த்தை இருக்கிறது. முடிந்தபிறகும் நாடா சுற்றிக்கொண்டே இருந்தது, நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவுதான் இருந்தது.

இரண்டாவது கேசட்டும் அப்படியே.

உங்கள் மேல் உள்ள கோபம் தீரவில்லை.

ஹென்றி

*

சேசு மரி சூசை துணை

கப்பலில்,
9-1-1979

வீராதி வீரர், கஞ்சிக் கிண்ணங்கொண்ட சோழர், மாப்பிள்ளை ஹென்றி அவர்களின் சமூகத்துக்கு,

புது வருஷத்தில் யாவரும் சுகமாக இருக்க பனிமய மாதாவை வேண்டுகிறேன். தூத்துக்குடிக்காரன் முந்நூறு தலைமுறையாகப் பனியே பார்க்காமல் அவளைக் கும்பிடுகிறான். நான் அவன் சார்பில் மொத்தமாகப் பார்த்து முடித்துவிட்டேன், இனி ஒருவனும் பார்க்க வேண்டாம்.

பிள்ளை விரலை நீட்டினாள் என்று படித்தபோது கப்பலே ஒரு பக்கம் சாய்ந்தது. கேப்டன் ஓடிவந்து, "பண்டாரி, உப்பு மூட்டையை நகர்த்தினாயா?" என்று கேட்டார். பறவை டாக்டரிடம் சொன்னேன். இனி ராஜா பெங்குவினைப் பற்றி அவர் எழுதும் புத்தகத்தில் முதல் பக்கத்தில் உம்முடைய பெயரைப் போட வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாதது அவர் அதிர்ஷ்டம்.

அந்தக் கம்பளிக் கரடிகள் இப்போது கம்பளியை உதிர்க்கின்றன. உள்ளே கறுப்புக் கோட்டு தெரிகிறது. முட்டையிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கிறது, கடலில் இறங்க. ஒரு குஞ்சை ஆளாக்க அத்தனை காலம் பிடிப்பதால் இந்த ராஜாவுக்கு வருஷா வருஷம் பிள்ளை கிடையாது.

கேசட்டில் உமக்கு ஏன் வார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் வரும்போது கேளும். சத்தம் போட்டுக் கேளும்.

வெற்றிக்கொடி நாட்டிய,
பர்னபாஸ்

*

தூத்துக்குடி,
25-2-1979

மாமாவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பதினேழாம் தேதி பிளாரன்ஸ் வந்தாள். ரயிலடியில் இறங்கியதும் அவள் சொன்னது ஒன்றுதான். பிள்ளை முன்னால்தான் முதலில் பேசுவேன் என்றாள். வாசலில் பேச்சியக்கா பிள்ளையை இறக்கிவிட்டாள். இவள் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டி, "ஹில்டா கண்ணு, அம்மாட்ட வாளா" என்றாள்.

பிள்ளை முகமெல்லாம் சிரிப்பு. திரும்பி ஓடினாள். வீட்டுக்குள்ளே ஓடி, மேசை மேல் இருந்த பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, "அம்மா" என்றாள். வந்திருக்கிற பொம்பளைக்கு இதுதான் அம்மா என்று காட்டுகிறாள்.

"அது அம்மான்னா, நான் யாருளா?" என்று பிளாரன்ஸ் கேட்டாள். பிள்ளைக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள், நான் சொல்வேன் என்று.

எட்டு நாளாக இதேதான். இவள் பேசினால் பிள்ளை பெட்டியிடம் போகிறாள். பேசாமல் தூக்கினால் வேற்றாள் தூக்கிய மாதிரி விறைத்துக்கொண்டு என்னிடம் தாவுகிறாள். "ரெண்டுக்கும் ஒரே குரலு, பிள்ளை என்ன செய்யும்?" என்கிறாள் பேச்சியக்கா. மூன்று நாளாக பிளாரன்ஸ் வீட்டுக்குள் பேசுவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் கொல்லைக்குக் கூப்பிட்டுக் காதில் சொல்கிறாள்.

விரலை நீட்டு, விரலை நீட்டு என்று எழுதினீர்களே! நான்கு மாதம் ஒரு தகரப் பெட்டிக்கு விரலை நீட்டி அம்மா என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ராஜா பெங்குவின் இந்த மடத்தனத்தைச் செய்யுமா? பெட்டிக்குப் பக்கத்தில் அவள் போட்டோ ஒன்றை வைக்க வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எனக்கு எப்படித் தோன்றும்? அவள் விமானம் ஏறிய அன்று கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றித் துணி வைக்கும் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டவன் நான். வந்ததும் அவள் கண் முதலில் அந்த ஆணிக்குத்தான் போனது.

இனி எனக்குப் பறவை எதுவும் எழுத வேண்டாம்.

ஹென்றி

*

தூத்துக்குடி,
24-3-1979

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உங்களைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது.

அவருக்கு நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் என் முன்னால் கொண்டுவந்து போட்டார். படித்தேன். சர்டிபிகேட்டை எடுத்துப்போகச் சொன்னது நான். "அவர்ட்ட சொன்னா விடமாட்டாரு மாமா, சொல்லாண்டாம்" என்று உங்கள் காலைப் பிடித்தது நான். நீங்களே சொல்லிக்கொள்வதாகச் சொன்னீர்கள் என்று அவரிடம் பொய் சொன்னதும் நான். ஒன்றரை வருஷமாக அவர் வாயில் நீங்கள் விழுந்து எழுந்திருக்கிறீர்கள், என் பெயரைச் சொல்லவில்லை. யார் உங்களிடம் அந்தப் பெரிய மனதைக் கேட்டது? அந்தப் பொய் நெஞ்சில் இருந்ததால்தான் கேசட்டில் அவருக்கு என்று வாயெடுத்தால் குரல் வரவில்லை. நீங்கள் அன்றே போட்டு உடைத்திருந்தால் சண்டை ஒரு மாதத்தில் முடிந்திருக்கும்.

அவரிடம் நானே சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் கத்தினார். நானும் கத்தினேன். "கேட்டிருந்தா போன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "சொல்லியிருக்கமாட்டீய" என்றேன். டிரங்குப் பெட்டியிலிருந்து கல்யாணப் போட்டோவை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "ஆமா, சொல்லியிருக்கமாட்டேன்" என்றார். பிறகு ஆணியில் போட்டோவை மாட்டினார். கோணலாக மாட்டினார், நான் நேராக்கவில்லை.

பிள்ளை விஷயம். உங்கள் புத்தியையும் கேட்கவில்லை, அவர் புத்தியையும் கேட்கவில்லை. பெட்டியிலிருந்த பேட்டரி கட்டைகளைக் கழற்றி அரிசிப்பானைக்குள் புதைத்துவிட்டேன். மறுநாள் அவர் வேலைக்குப் போயிருந்தார், பேச்சியக்கா தண்ணீருக்குப் போயிருந்தாள். ஹில்டா பெட்டியின் பொத்தானை எல்லாம் அழுத்திப் பார்த்தாள். குரல் வரவில்லை. தட்டினாள். ஊதினாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. பெட்டியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்து, "அம்மா பேசல" என்றாள். ரிப்பேர் பார்க்கச் சொல்கிறாள்.

நான் கேசட்டில் உள்ளதையே சொன்னேன். "ஹில்டா கண்ணு, கஞ்சி குடிச்சியா? கோழிக்குக் கொடுத்தியா?" அவள் பெட்டியில் காதை வைத்தாள். காதை எடுத்துவிட்டு மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. இருமும் இடம் வந்ததும் இருமினேன். அப்போதுதான் தலையைத் தூக்கினாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலை உள்ளே விட்டு நாக்கைப் பிடித்தாள். விரல் வாயில் இருக்க இருக்கவே பேசினேன். உதட்டை விரித்து உள்ளே எட்டிப் பார்த்தாள், பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பாளே அதேபோல. அன்று முழுவதும் என்னை வாய் மூட விடவில்லை. தொண்டை கட்டிவிட்டது. பெட்டி மூலையில் கிடக்கிறது, அதன்மேல் கோழி ஏறி நிற்கிறது.

முப்பதாம் தேதி நான் கிளம்ப வேண்டும். ஒப்பந்தம் இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. போகாதே என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கம்பெனியில் ஷிப்டை மாற்றிக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு அவர் மேல் கோபம், உங்கள் மேல் கோபம், அந்த ஆஸ்பத்திரி மேல் கோபம், போகத்தான் வேண்டும் என்று நினைக்கிற என் மேலேயே கோபம்.

போன தடவை பிள்ளைக்குச் சொல்லாமல் போனேன், தூங்கும்போது. இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று இன்று காலை மடியில் உட்காரவைத்து, "அம்மா ஊருக்குப் போயிட்டு வாரேன்" என்று சொன்னேன். புரியாது என்று அவர் சொன்னார்.

புரிந்தது. கன்னத்தில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு இன்னொன்று. பெட்டி பக்கத்திலேதான் கிடந்தது மாமா. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் அடித்தாள்.

பிளாரன்ஸ்